முன்சீப் கோர்ட்டிலிருந்து வந்தவர்

2023 நவம்பர் 23 அன்று நீதிபதி எம். பாத்திமா பீவி கொல்லத்தில் காலமானார். அவருக்கு வயது 96. இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி அவர். உயர் நீதித் துறையில் அமர்ந்த முதல் இஸ்லாமியப் பெண்ணும் அவர்தான். தமிழ்நாட்டுக்கு வந்த முதல் பெண் ஆளுநரும் அவரே. இவ்வளவு இருந்தும், இங்கே அவர் பெயரை எடுத்தால் பேச்சு நேராக 2001 மே 14க்குப் போய் நிற்கிறது. ஜெயலலிதாவுக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர்தானே என்று கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். வழக்கறிஞர்கள் கூடும் இடத்தில் இன்னும் மூன்று குற்றச்சாட்டுகள் சேர்கின்றன. அவருக்குக் கிடைத்தது தேர்தல் நேரத்துச் சலுகைப் பதவி. இரண்டரை ஆண்டு இருந்தும் பேர்சொல்ல ஒரு தீர்ப்பு இல்லை. தன் சமூகப் பெண்களுக்கென்று அவர் எதையும் செய்யவில்லை.

இந்தக் குற்றச்சாட்டுகளைச் சொல்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பலர் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லியே இது ஒரு தீர்ப்பாகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பெழுதிய ஒருவருக்கு, அவர் தரப்பை யாரும் கேட்காமலேயே எழுதப்பட்ட தீர்ப்பு இது. இதை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது அவசியம் என்று நினைக்கிறேன். அவரைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டால், அடுத்து வரப்போகும் ஒவ்வொரு சிறுபான்மைப் பெண்ணையும் இதே தராசில்தான் நிறுப்பார்கள்.

சலுகையா?

முதல் குற்றச்சாட்டிலிருந்து தொடங்குவோம். 1989 அக்டோபர் 6 அன்று அவர் உச்ச நீதிமன்றத்தில் பொறுப்பேற்றார். அடுத்த மாதமே நாடாளுமன்றத் தேர்தல். இஸ்லாமியப் பெண்ணின் ஜீவனாம்சம் பற்றிய ஷா பானு வழக்கும், 1986இல் வந்த முஸ்லிம் பெண்கள் சட்டமும் கிளப்பிய புழுதி அடங்காத நேரம். ராஜீவ் காந்தி அரசு பெண்களையும் இஸ்லாமியர்களையும் ஒரே நியமனத்தில் திருப்திப்படுத்தப் பார்த்தது என்பது வாதம். அவர் அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்றே கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்றவரை வீட்டிலிருந்து அழைத்துவந்து பதவி கொடுத்தார்கள் என்பது இந்த வாதத்தின் துணைச் சாட்சி.

அன்றைய அரசுக்கு வாக்குக் கணக்கு இருந்திருக்கலாம். எந்த அரசுக்குத்தான் இருந்ததில்லை? நியமித்தவரின் நோக்கம் ஒன்று, நியமிக்கப்பட்டவரின் தகுதி வேறொன்று. இரண்டையும் குழப்பக் கூடாது. உயர் நீதிமன்றத்தில் ஐந்தாண்டு நீதிபதியாக இருந்தவர் உச்ச நீதிமன்றத்துக்குத் தகுதியானவர் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 124ஆவது பிரிவு. 1983 ஆகஸ்ட் 4 முதல் 1989 ஏப்ரல் வரை அவர் ஐந்தாண்டுக்கும் மேல் அங்கே இருந்தவர். உயர் நீதிமன்றத்தில் ஓய்வு வயது 62, உச்ச நீதிமன்றத்தில் 65. இடையில் கழிந்தது ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் அவருடைய சட்ட அறிவு கரைந்துபோய்விடவில்லை.

இஸ்லாமியருக்கான இடத்தை நிரப்பத்தான் அவரைக் கொண்டுவந்தார்கள் என்பவர்கள் ஒரு தேதியைப் பார்க்கத் தவறுகிறார்கள். உச்ச நீதிமன்றம் தொடங்கிய நாளிலிருந்தே இஸ்லாமிய நீதிபதி ஒருவராவது இருக்க வேண்டும் என்ற எழுதப்படாத வழக்கம் அங்கே உண்டு. சையது பசல் அலி, குலாம் ஹசன், ஜாபர் இமாம், ஹிதாயத்துல்லா, பேக், முர்த்தசா பசல் அலி, காலித் என்று அந்த வரிசை நீள்கிறது. 1988 டிசம்பரில் ஏ. எம். அகமதி நியமிக்கப்பட்டார். பின்னாளில் அவர் இந்தியாவின் தலைமை நீதிபதியும் ஆனார். ஆக, பாத்திமா பீவி உள்ளே வருவதற்குப் பத்து மாதம் முன்பே அந்த இடம் நிரம்பிவிட்டது. அவர் வந்தது யாருக்கோ ஒதுக்கிய நாற்காலிக்கு அல்ல.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். உச்ச நீதிமன்ற நியமனங்களில் எந்த மாநிலம், எந்த உயர் நீதிமன்றம், எந்த மதம் என்று பார்ப்பது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஒரு மாநிலத்திலிருந்து நெடுநாளாக யாரும் இல்லை என்று ஒரு ஆண் நீதிபதியைக் கொண்டுவந்தால் அதற்குப் பெயர் பிரதிநிதித்துவம். அதே கணக்கில் ஒரு பெண் வந்தால் சலுகை என்கிறோம். 1950 ஜனவரியில் தொடங்கிய நீதிமன்றத்தில் அவருக்கு முன் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் நீதிபதிகளாக அமர்ந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். அன்னா சாண்டி 1959இலேயே கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 1967 வரை அங்கே இருந்தவர். தகுதியுள்ள பெண் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 39 ஆண்டு ஆண்களை மட்டும் உள்ளே விட்டதுதான் சலுகை. அதைப் பெற்றவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை.

31 ஆண்டுப் பயணம்

பாத்திமா பீவி 1927 ஏப்ரல் 30 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பத்தனம்திட்டாவில், ராவுத்தர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை அன்னவீட்டில் மீரா சாகிப், தாய் கதீஜா பீவி. எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியல் படித்துப் பட்டம் பெற்றார். மேலே அறிவியல் படிக்க இருந்த மகளைச் சட்டம் படிக்கச் சொன்னவர் தந்தை. அன்னா சாண்டி திருவிதாங்கூரில் முன்சீப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த தலைமுறை அது. ஒரு கிறிஸ்தவப் பெண் நீதிபதியாக முடியும் என்று கண்ட ஓர் இஸ்லாமியத் தகப்பன், தன் மகளும் ஆகலாம் என்று நம்பினார். பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கே பல குடும்பங்கள் யோசித்த காலத்தில் இப்படி ஒரு முடிவு.

1950இல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கம் வாங்கினார். அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் அவர். அதே ஆண்டு நவம்பர் 14 அன்று வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு கொல்லத்தில் தொழிலைத் தொடங்கினார். உச்ச நீதிமன்றமும் அவருடைய கறுப்பு அங்கியும் ஒரே ஆண்டில் தொடங்கியவை.

1958 மே மாதம் முன்சீப். 1968இல் சார்பு நீதிபதி. 1972இல் தலைமை நீதித்துறை நடுவர். 1974இல் மாவட்ட மற்றும் அமர்வு நீதிபதி. 1980 ஜனவரியில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் நீதித்துறை உறுப்பினர். 1983இல் உயர் நீதிமன்றம். 1989இல் உச்ச நீதிமன்றம். முன்சீப் நாற்காலியிலிருந்து டெல்லி வரை 31 ஆண்டு. ஒரு படிகூடத் தாண்டிக் குதித்ததாக இல்லை.

சலுகை என்று பேசுகிறவர்கள் முன்சீப் கோர்ட்டு எப்படி இருக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். காலையில் வழக்குகளை அழைக்கும்போதே கூடம் நிரம்பிவிடும். ஒரு வழக்கில் வக்காலத்துத் தாக்கல், ஒன்றில் வாய்தா, இன்னொன்றில் எதிர் தரப்பு ஆஜராகாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. பிறகு சாட்சி விசாரணை. அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை, வேலியை ஓர் அடி தள்ளிப் போட்டதற்கு உறுத்துக்கட்டளை, வாடகைக்காரனைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, கடன் பத்திரத்தில் இருப்பது தன் கையெழுத்தே இல்லை என்று சாதிக்கும் பிரதிவாதி. கோர்ட்டு நியமித்த கமிஷனர் அளந்து கொண்டுவந்த வரைபடத்தையும் பழைய பத்திரத்தில் எழுதியிருக்கும் நான்கெல்லையையும் ஒப்பிட்டு, எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று பார்க்க வேண்டும். சாட்சி சொல்பவர் எங்கே தயங்குகிறார் என்று கவனிக்க வேண்டும். எழுவினாக்களை வகுத்து ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு விடை எழுத வேண்டும். தோற்றவர் அதே ஊர்க்காரர், வென்றவரும் அதே ஊர்க்காரர். நாட்டு மக்களில் பெரும்பாலானோர் வாழ்நாளில் பார்க்கும் ஒரே நீதிமன்றம் இதுதான். நீதி கிடைத்ததா இல்லையா என்று அவர்கள் முடிவு செய்வதும் இந்தக் கூடத்தில்தான்.

பாத்திமா பீவி முன்சீப்பாக இருந்த பத்தாண்டு கேரளத்துக்குச் சாதாரணப் பத்தாண்டும் அல்ல. குத்தகைதாரர்களை வெளியேற்றுவதைத் தடுக்க 1957இல் வந்த அவசரச் சட்டத்தில் தொடங்கி, 1963ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் வழியாக, நில உறவுகள் தலைகீழாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. யார் குத்தகைதாரர், யார் வெறும் கூலியாள், எந்த ஒப்பந்தம் உண்மை, எது சட்டத்தை ஏய்க்க எழுதியது என்ற கேள்விகள் கீழ்க்கோர்ட்டுகளை நிறைத்த ஆண்டுகள். அந்தச் சூழலில் ஓர் இளம் இஸ்லாமியப் பெண் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து, நிலக்கிழார் தரப்பையும் உழுபவர் தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவர் பெண் என்பதாலோ இஸ்லாமியர் என்பதாலோ அந்தக் கோர்ட்டில் ஒரு வழக்கும் சுலபமாகிவிடாது.

அடுத்து வருமான வரித் தீர்ப்பாயம். அங்கே கணக்கியல் உறுப்பினரோடு உட்கார்ந்து வரித் துறையும் வரி செலுத்துபவரும் மோதும் வழக்குகளைத் தீர்க்க வேண்டும். உண்மை நிலவரம் எது என்பதில் அந்தத் தீர்ப்பாயத்தின் முடிவுதான் இறுதி. சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே உயர் நீதிமன்றம் தலையிடும். சிவில், கிரிமினல், வரி என மூன்றிலும் பழுத்தவர் அவர். நேராக வழக்கறிஞர் அறையிலிருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போன பலருக்கு இந்த அனுபவம் வாய்ப்பதில்லை.

தீர்ப்புகளின் கணக்கு

பேர்சொல்லும் தீர்ப்பு இல்லை என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. அவர் உச்ச நீதிமன்றத்தில் இருந்தது 1992 ஏப்ரல் 29 வரை, ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போதே வயது 56. காரணம் வெளிப்படை. கீழ்க்கோர்ட்டிலிருந்து படிப்படியாக ஏறுபவர்கள் மேலே சேரும்போது ஓய்வு வயது வாசலில் நிற்கும். நாற்பதுகளில் வழக்கறிஞராக இருந்து நேராக உயர் நீதிமன்றம் போனவர்களுக்குப் பத்து, பதினைந்து ஆண்டு கிடைக்கும். பணிமூப்பு முறை தந்த குறுகிய காலத்தை அவருடைய திறமைக் குறைவாகக் காட்டுவது நேர்மையல்ல. அந்த நாட்களில் அவர் பெரும்பாலும் அமர்வின் இளைய நீதிபதி. எந்த வழக்கு எந்த அமர்வுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் தலைமை நீதிபதி. நாடு பேசும் வழக்கு கைக்கு வராதவரைப் பார்த்து, நாடு பேசும் தீர்ப்பு எங்கே என்று கேட்பதில் பொருளில்லை.

ஆனாலும் அவர் எழுதிய தீர்ப்பொன்றை எடுத்துக்காட்டாமல் விட முடியாது. 1991ஆம் ஆண்டு, கர்நாடக மாநிலத்துக்கு எதிராகத் தாழ்த்தப்பட்டோர் மற்றும் நலிந்த பிரிவினர் நலச் சங்கம் தொடுத்த வழக்கு. 1973ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு வந்தால் அங்கே வாழ்பவர்களுக்கு மேம்பாட்டுக்கும் மறுவாழ்வுக்கும் வழி பிறக்கிறது. பிறகு அரசு அந்த அறிவிப்பை ரத்து செய்துவிட்டு, பகுதியைச் சுருக்கிப் புதிய அறிவிப்பு வெளியிடுகிறது. வெளியே விடப்பட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறிவிப்பது எங்கள் அதிகாரம், ரத்து செய்வதும் எங்கள் அதிகாரம் என்பது அரசின் நிலை.

பாத்திமா பீவி அதை ஏற்கவில்லை. அறிவிப்பு வந்தபோது அந்த மக்களுக்கு ஓர் உரிமை பிறந்துவிட்டது. அதைப் பறிக்கும்போது அவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். நிர்வாக உத்தரவு என்பதற்காக இயற்கை நீதியின் விதி அங்கே பொருந்தாமல் போகாது. தீர்ப்பின் சாரம் இதுதான். இதில் பெரிய தத்துவ வாசகங்கள் இல்லை. குடிசையில் இருப்பவனும் அரசு காது கொடுக்க வேண்டிய ஒரு தரப்பு என்ற உறுதி இருக்கிறது. முன்சீப் கோர்ட்டில் இரு தரப்பையும் கேட்டுக் கேட்டுப் பழகியவர் எழுதிய தீர்ப்பு என்று அதைப் படிக்கும்போதே தெரிகிறது. குடிசை மக்களைக் கேட்காமலேயே இடத்தைக் காலி செய்யும் பழக்கம் இன்றும் நம் நகரங்களில் போகவில்லை. இந்தத் தீர்ப்பின் தேவை குறைந்துவிட்டதாக யாரால் சொல்ல முடியும்?

சமூகத்துக்கு என்ன செய்தார்?

மூன்றாவது குற்றச்சாட்டு இருப்பதிலேயே ஆபத்தானது. இஸ்லாமியப் பெண் நீதிபதி, இஸ்லாமியப் பெண்களுக்கு என்ன செய்தார் என்ற கேள்வி. பார்ப்பதற்கு முற்போக்காகத் தோன்றும். ஆனால் நீதிபதி ஒரு சமூகத்தின் வக்கீல் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. பெரும்பான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஓர் ஆண் நீதிபதியிடம், உங்கள் சமூகத்துக்கு என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது அவமதிப்பு. பாத்திமா பீவியிடம் மட்டும் அதை எதிர்பார்ப்பது, அவர் மற்றவர்களைப் போல முழு நீதிபதி அல்ல என்று சொல்வதற்குச் சமம். அவர் சமூகத்தின் பக்கம் சாய்ந்து ஒரு தீர்ப்பு எழுதியிருந்தால் இதே மக்கள் பாரபட்சம் என்று கூச்சலிட்டிருப்பார்கள். சாயாமல் இருந்தால் துரோகம் என்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் குற்றம் என்றால் அது நியாயமான அளவுகோல் ஆகாது.

நீதிபதி தன் முன் வரும் வழக்கைத்தான் தீர்க்க முடியும். ஷா பானு வழக்கு 1985இல் முடிந்துவிட்டது. கணவன் கைவிட்ட ஓர் இஸ்லாமியப் பெண்ணின் ஜீவனாம்சத்தை ஐந்து நீதிபதிகள் தீர்மானித்தார்கள். அந்த ஐவரில் பெண் ஒருவரும் இல்லை, இஸ்லாமியர் ஒருவரும் இல்லை. அந்த நாள் வரை உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெண்கூட நீதிபதியாக அமர்ந்ததே இல்லை. தீர்ப்பு சரியா தவறா என்ற விவாதம் தனி. ஆனால் எந்தப் பெண்களின் வாழ்க்கை அங்கே பேசப்பட்டதோ, அவர்களில் ஒருவருக்கும் அந்த மேடையில் இடமில்லாமல் இருந்தது. அடுத்த நான்காண்டில் அந்த நிலையை மாற்றியது பாத்திமா பீவியின் வருகை. சமூகத்துக்கு என்ன செய்தார் என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் இது.

இரண்டாவது பதில் 1993இல் இருக்கிறது. அந்த ஆண்டு அமைந்த தேசிய மனித உரிமை ஆணையத்தின் முதல் உறுப்பினர்களில் அவரும் ஒருவர். நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா தலைவர். காவலில் ஒருவர் இறந்தாலோ, காவலில் ஒரு பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாலோ, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு அந்த ஆண்டு டிசம்பரில் பிறந்தது. பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டத்தை மேலும் நீட்டிக்கக் கூடாது என்று 1995இல் ஆணையம் நாடாளுமன்ற உறுப்பினர்களை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. அந்த ஆண்டு மே மாதம் தடா காலாவதியானது. இவை அவர் ஒருவரின் சாதனைகள் என்று சொல்லவில்லை. ஓர் ஆணையத்தின் கூட்டு முடிவுகள். ஆனால் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களில் அவர் ஒருவர். நள்ளிரவில் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்படுகிற ஏழைக்கு, அவன் எந்த மதமாக இருந்தாலும், இதைவிடப் பெரிதாக ஒரு நீதிபதி என்ன செய்ய முடியும்?

2001 மே 14

இனி நான்காவது குற்றச்சாட்டு, அந்தப் பதவிப் பிரமாணம். இங்கே மழுப்ப விரும்பவில்லை. பாத்திமா பீவி 1997 ஜனவரி 25 அன்று தமிழ்நாட்டு ஆளுநரானார். ஆளுநர் மாளிகையில் அவர் எடுத்த இரண்டு முடிவுகளை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற நால்வரின் கருணை மனுக்களை 1999இல் அவர் நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனையைப் பெறாமல் எடுத்த முடிவு என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நான்கு உயிர்கள் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அது சிறு பிழை அல்ல.

அடுத்தது நாடறிந்தது. அரசு நிறுவனமான டான்சியின் நில வழக்கில் 2000 அக்டோபரில் ஜெயலலிதாவுக்கு மூன்றாண்டு தண்டனை. அதனால் 2001 தேர்தலில் அவருடைய வேட்புமனுக்கள் தள்ளுபடியாயின. ஆனால் அவருடைய கட்சி 234 இடங்களில் 132ஐ வென்றது. சட்டமன்ற உறுப்பினர்கள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற 164(4) பிரிவை வைத்து ஆளுநர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். செப்டம்பர் 21 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த நியமனம் செல்லாது என்றது. தேர்தலில் நிற்கவே தகுதியிழந்தவருக்கு அந்த ஆறு மாதச் சலுகை கிடையாது, மக்கள் வாக்கும் அரசமைப்புச் சட்டத்தை மீற முடியாது என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு சரி. ஆளுநர் எடுத்த முடிவு தவறு. அந்த ஐவர் அமர்வில் ரூமா பால் இருந்தார். உச்ச நீதிமன்றத்தின் மூன்றாவது பெண் நீதிபதி, முதல் பெண் நீதிபதியின் முடிவு செல்லாது என்ற தீர்ப்பில் ஒருவராக நின்றார். பெண்கள் வந்தால் பெண்களைக் காப்பாற்றுவார்கள் என்ற மலிவான சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

இதற்கிடையே ஜூன் 30 அதிகாலையில் முன்னாள் முதலமைச்சர் கருணாநிதி கைது செய்யப்பட்ட விதமும், அதையொட்டி ஆளுநரைத் திரும்பப் பெற மத்திய அமைச்சரவை எடுத்த முடிவும், அவர் பதவி விலகியதும் நடந்து முடிந்தன. இதையெல்லாம் வரலாறு பதிவு செய்யட்டும். நான் மறுப்பது அதை அல்ல. தகுதியிழந்தவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த 132 உறுப்பினர்களின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. அந்த முடிவைக் கேள்வி கேட்காத கூட்டணிக் கட்சிகளையும் யாரும் குறை சொல்வதில்லை. எல்லோருடைய பழியும் சேர்ந்து ஒரு பெண்ணின் தலையில் இறங்கியிருக்கிறது. அதோடு, ஆளுநராக அவர் செய்த பிழை பின்னோக்கி ஓடி, அதற்கு முந்தைய 34 ஆண்டு நீதிப் பணியையும் அழித்துவிட்டது.

ஒப்பிட ஒருவரைச் சொல்கிறேன். சையது பசல் அலியும் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், பிறகு ஒரிசாவுக்கும் அசாமுக்கும் ஆளுநரானவர். இன்று சட்ட மாணவர்கள் அவரை தடுப்புக் காவல் பற்றிய 1950இன் ஏ. கே. கோபாலன் வழக்கில் அவர் எழுதிய மாற்றுத் தீர்ப்புக்காகப் படிக்கிறார்கள். அவருடைய ஆளுநர் நாட்களை வைத்து யாரும் அவரை அளப்பதில்லை. ஆண் நீதிபதிக்கு அவருடைய மிகச் சிறந்த நாளும், பெண் நீதிபதிக்கு அவருடைய மிக மோசமான நாளும் அடையாளமாகின்றன. இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததல்ல.

ஓய்வுபெற்ற நீதிபதிகள் ஆளுநர் மாளிகைக்குப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாத்திமா பீவியும் போயிருக்கக் கூடாது. ஆனால் அந்த விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அவருக்குப் பிறகு இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்தவர்களே ஆளுநராகவும் மாநிலங்களவை உறுப்பினராகவும் போயிருக்கிறார்கள். அவர்களுடைய நீதிபதி வாழ்க்கையை நாம் அழித்து எழுதவில்லை.

அவர் விட்டுச்சென்ற கேள்வி

1992இல் பாத்திமா பீவி ஓய்வு பெற்ற பிறகு, அடுத்த பெண் நீதிபதி சுஜாதா மனோகர் வர 1994 நவம்பர் ஆனது. 2006 ஜூனில் ரூமா பால் ஓய்வு பெற்றதும் 2010 ஏப்ரல் வரை, ஏறக்குறைய நான்காண்டு, உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண் அங்கே போக 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது போன ஆர். பானுமதியும் 1988இல் மாவட்ட நீதிபதியாகப் பணியைத் தொடங்கி, விசாரணை நீதிமன்றத்திலிருந்து ஏறியவர். 2021 ஆகஸ்ட் 31 அன்று ஒரே நாளில் மூன்று பெண்கள் பதவியேற்றார்கள். அவர்களையும் சேர்த்து, நீதிமன்றம் தொடங்கிய நாளிலிருந்து அதுவரை வந்த பெண்கள் 11 பேர்.

பாத்திமா பீவியை அடையாள நியமனம் என்று இகழ்வதால் யாருக்கு நன்மை என்று இந்த எண்ணிக்கையைப் பார்த்தால் புரியும். முதலில் வந்தவர் தகுதியில்லாமல் வந்தார் என்று நிறுவிவிட்டால், அடுத்தவரைத் தேட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. முதலில் வந்தவர் 31 ஆண்டு படிப்படியாக ஏறி வந்தவர் என்று ஒப்புக்கொண்டால், அப்படி ஏறி வருகிற மற்றவர்கள் எங்கே தடுத்து நிறுத்தப்படுகிறார்கள் என்று கேட்டாக வேண்டும். 1993 முதல் நியமனம், தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் அடங்கிய கொலீஜியத்தின் கையில் இருக்கிறது. ஆகவே அரசியல்வாதிகளைக் குறை சொல்லி நீதிமன்றம் தப்பிக்க முடியாது.

கொலீஜியம் செய்ய வேண்டியது கடினமானதல்ல. மாவட்ட நீதிமன்றங்களில் பணியாற்றும் பெண்களின் தீர்ப்புகளைப் படிக்கட்டும். அவர்களில் திறமையானவர்களை 56 வயது வரை காக்க வைக்காமல், உரிய காலத்தில் உயர் நீதிமன்றத்துக்கு அழைக்கட்டும். சட்டக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாத்திமா பீவியைப் பொது அறிவு வினாவின் விடையாக மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்தக் குடிசைப் பகுதித் தீர்ப்பை வகுப்பில் முழுமையாகப் படிக்க வையுங்கள். 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அதோடு சேர்த்தே படிக்க வையுங்கள். இரண்டையும் படித்த மாணவர் தானே ஒரு முடிவுக்கு வரட்டும்.

என் முடிவு இது. பாத்திமா பீவி சலுகையால் வந்தவரல்ல, தகுதியால் தாமதமாக வந்தவர். ஆளுநராகத் தவறினார், நீதிபதியாகத் தவறவில்லை. அவர் 1992 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றத்தை விட்டு இறங்கினார். அதற்குப் பிறகு அங்கே இஸ்லாமியப் பெண் ஒருவரும் நீதிபதியாக அமரவில்லை.